ஆடு மேய்த்தோர் வழிவந்த பேராயர்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்வியால் உயர்ந்த ஒருவருடைய வாழ்க்கையைப் பற்றி இவ்விழாவில் பேசுமாறு நம்மைப் பணித்தார்கள். இத்தகைய மேடைகளில் வழக்கமாக எடுத்துக்கொள்ளப்படும் பெயர்களை இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுவர்களும் நன்கறிவர். ஆகவே, பலரும் கேள்விப்பட்டிராத ஒருவரை எடுத்துக்கொள்ளத் துணிந்தோம். ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் பிராங்கியர் பேரரசில் வாழ்ந்தவர் அவர். பெயர் எபோ. அடிமைக் குடியிற் பிறந்து, ரெய்ம்ஸ் நகரத்தின் பேராயராகவும், ஆராஸ் நகரிலிருந்த புனித வாஸ்து துறவிமடத்தின் தலைவராகவும் உயர்ந்தவர். அவர் புனிதர் பட்டம் பெற்றவரல்லர். பதவியிலிருந்து இறக்கப்பட்டவர், காவலில் வைக்கப்பட்டவர், பழைய பெருமையைத் திரும்பப் பெறாமலே இறந்தவர். இப்படிப்பட்டவரையா வெள்ளிவிழா மேடையில் பேசுவது என்று சிலர் எண்ணக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம்.

சார்லமேன் என்னும் பேரரசரைப் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். 768ஆம் ஆண்டு அரசரானார். 800ஆம் ஆண்டு ரோமாபுரியில் பேரரசராக முடிசூட்டப்பெற்றார். அவருக்குச் சொந்தமான பெரும் பண்ணைகள் நாடெங்கும் இருந்தன. அப்பண்ணைகளில் உழுதவர்களும், ஆடு மாடு மேய்த்தவர்களும், மரம் வெட்டியவர்களும் பெரும்பாலும் பிறப்பிலேயே கட்டுண்டவர்கள். தந்தை அடிமையானால் மகனும் அடிமை. அந்த நிலையும் நம் நாட்டுச் சாதிநிலையும் ஒன்றென்று நாம் கூற வரவில்லை. அங்கே தீட்டு என்ற வழக்கம் இல்லை. உடையவன் மனம் வைத்தால் ஓர் ஓலையில் எழுதி அடிமையை விடுவிக்கலாம். பிறவியை மாற்ற ஓலையே இல்லாத ஏற்பாடு நம்முடையது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம். ஏனெனில், அந்த ஓலை எதுவரை செல்லுபடியாகும் என்பதுதான் எபோவின் கதை.

778ஆம் ஆண்டு சார்லமேனுக்கு லூயி என்னும் மகன் பிறந்தான். அவனுக்குப் பாலூட்ட ஒரு தாய் தேவைப்பட்டாள். அரச பண்ணையைச் சேர்ந்த அடிமைக் குடியிலிருந்து ஹிமில்த்ரூத் என்பவள் அப்பணிக்கு அமர்த்தப்பட்டாள். அவளுடைய மகனே எபோ. அரசகுமாரனும் அடிமையின் மகனும் ஒரே மார்பில் பாலருந்தி வளர்ந்தார்கள். பிற்காலத்தில் எபோவின் பிறப்பை இழித்துப் பக்கம் பக்கமாக எழுதியவர், பேரரசர் அருந்தியதும் அதே பால்தான் என்பதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எபோ அறிவிற் சிறந்த பிள்ளை. சார்லமேன் அவரை விடுவித்து அரண்மனையிலேயே படிக்க வைத்தார். இதைத் தனிப்பட்ட கருணை என்று மட்டும் கொள்ளலாகாது. 789ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட பெரும் ஆணையொன்றில் பள்ளிகளைப் பற்றி ஒரு பகுதி உண்டு. குருத்துவப் பணியிலிருப்போர் அடிமை நிலையிலுள்ள சிறுவர்களை மட்டுமல்லாமல் சுதந்தரக் குடிமக்களின் புதல்வர்களையும் தம்மிடம் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. உற்றுக் கவனியுங்கள். அடிமைச் சிறுவர்களைச் சேர்க்குமாறு அந்த ஆணை புதிதாகக் கட்டளையிடவில்லை. அவர்கள் ஏற்கனவே அங்கே இருக்கிறார்கள். மற்றவர்களையும் சேருங்கள் என்றே கூறுகிறது. எழுத்தறிவு வேண்டிய வேலைக்கு ஆள் தேவைப்பட்டபோது அந்தத் திருச்சபை எளியோர் வீட்டுப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. பெருங்குடியினர் தம் மக்களுக்கு வாளும் குதிரையும் போதுமென்றிருந்த காலம் அது.

லூயி அக்கிடேன் நாட்டின் அரசராக அமர்ந்தபோது எபோ அவருடைய நூலகக் காப்பாளராக இருந்தார். 814இல் சார்லமேன் மறைந்து லூயி பேரரசரானார். 816இல் ரெய்ம்ஸ் பேராயர் பதவி காலியாயிற்று. பிராங்கியரின் முதற் கிறித்தவ அரசன் குளோவிஸ் திருமுழுக்குப் பெற்ற நகரம் அது. அந்த 816இல்தான் லூயிக்கும் திருத்தந்தை நான்காம் ஸ்தேவான் அங்கே முடிசூட்டினார். அத்தகைய இடத்துக்கு முதலில் கிஸ்லமார் என்பவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். வழக்கப்படி ஆயர்கள் அவரைச் சோதித்தார்கள். நற்செய்தி நூலைக் கையிற் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தாரேயன்றிப் படித்ததற்குப் பொருள் சொல்ல அவரால் இயலவில்லையாம். அவரை விலக்கிவிட்டு, லூயி எபோவின் பெயரைச் சொன்னார். பிற்காலத்துக் கடிதமொன்றில் காணப்படும் செய்தி இது. அரசரின் நட்பு துணை நின்றது உண்மையே. ஆனால், பொருள் தெரிந்து படிப்பவர் என்ற தகுதி இல்லாமல் அந்த நட்பு மட்டும் அவரை அந்த இருக்கையில் அமர்த்தியிராது.

அதன்பின் பதினேழு ஆண்டுகள். அவற்றை விரைந்து கூறுவோம். ரெய்ம்ஸின் பழைய கோயில் சிதைந்திருந்தது. நகர மதிலின் கற்களைப் பெயர்த்துப் புதிய பேராலயம் கட்ட அரசரிடம் அனுமதி பெற்று எபோ வேலையைத் தொடங்கினார். குருக்கள் பாவமன்னிப்பு வழங்குவதற்குத் தெளிவான கைந்நூல் இல்லையென்று வருந்திக் கம்பிரே நகரத்து ஆயர் ஹாலிட்காரைக் கொண்டு ஒன்று எழுதுவித்தார். 823இல் திருத்தந்தை முதலாம் பஸ்காலின் ஆணைபெற்று வடக்கே டென்மார்க்குக்குச் சென்று நற்செய்தி அறிவித்தார். பின்னர் வடநாட்டுத் திருத்தொண்டர் என்று புகழ்பெற்ற அன்ஸ்காருக்கு முன்பே அவ்வழியில் நடந்தவர் இவர். தம் உறவினர் கவ்ஸ்பெர்ட் என்பவரைச் சுவீடனுக்கு ஆயராக அனுப்பினார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வருவோம்.

ஆனால் ஒன்றை விரைந்து கூற மனம் வரவில்லை. ரெய்ம்ஸுக்கு அருகே ஒவில்லேர் என்னும் துறவிமடம் இருந்தது. அங்கே எபோவின் ஆதரவில் நூல்கள் படியெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று எபோவின் பெயராலேயே இன்றும் வழங்கும் நற்செய்தி நூல். பிரான்சு நாட்டின் எபெர்னே நகர நூலகத்தில் இருக்கிறது. அதன் படங்களை அச்சில் மட்டுமே நாம் கண்டிருக்கிறோம். நற்செய்தி எழுதிய நால்வரும் அக்காலத்துப் படங்களில் பெரும்பாலும் கற்சிலைபோல் அசையாமல் அமர்ந்திருப்பர். இங்கே அப்படியில்லை. மத்தேயு குனிந்து, மூச்சுப் பிடித்து, கைநடுங்க எழுதுகிறார். ஆடை மடிப்புகள் காற்றில் அலைவதுபோல் ஓடுகின்றன; பின்னாலிருக்கும் மரங்கூட அவரோடு சேர்ந்து துடிக்கிறது. எழுதுவது எவ்வளவு கடினமான உழைப்பு என்பதை அந்த ஓவியர் அறிந்திருந்தார். நூலின் முகப்பில் எபோவைப் போற்றும் வாழ்த்துப் பாடலொன்றும் உண்டு. உத்ரெக்ட் திருப்பாடல் நூல் என்று உலகெங்கும் பேசப்படும் ஓவியச் சுவடியும் இதே பட்டறையைச் சேர்ந்ததென்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். 2015இல் அது யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

இனி, வீழ்ச்சிக்கு வருவோம். இதை மறைத்துப் பேசினால் மாணவர்களுக்கு நாம் பொய் சொன்னவர்களாவோம்.

லூயி பேரரசருக்கு முதல் மனைவியிடம் மூன்று புதல்வர்கள். இரண்டாம் மனைவியிடம் சார்லஸ் என்னும் மகன். 817இல் நாட்டை மூத்தவர்களுக்கு வகுத்து, சான்றோரைச் சாட்சியாக வைத்து உறுதி செய்த லூயி, பின்னர் இளைய மகனுக்காக அந்த ஏற்பாட்டைக் குலைத்தார். மூத்தவர்கள் கிளர்ந்தார்கள். 833 கோடையில் கொல்மார் நகருக்கு அருகே இரு படைகளும் எதிரெதிரே நின்றன. போரே நடக்கவில்லை. இரவோடிரவாக லூயியின் ஆட்கள் எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். அந்த இடத்துக்குப் பொய்யர் களம் என்று பெயர் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஆயர்கள் கூடி, லூயி ஆளத் தகுதியற்றவர் என்று முடிவு செய்தனர். சுவாசோன் நகரில் புனித மெடார்டு ஆலயத்தில் பேரரசர் தம் குற்றங்களைத் தாமே வாசித்து, வாளைக் கழற்றிப் பீடத்தின்முன் வைத்து, பாவப் பரிகாரத்துக்குரிய முரட்டு ஆடையை உடுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தச் சடங்கை முன்னின்று நடத்தியவர் எபோ. மூத்த மகன் லோத்தார் புனித வாஸ்து மடத்தின் தலைமையை அவருக்கு அளித்தான்.

நன்றி மறந்த செயல் என்பதில் நமக்கு ஐயமில்லை. அரசர்மீது ஆயர்கள் சுமத்திய குற்றங்களில் சில உண்மை. நாட்டு நன்மை கருதியே அவ்வாறு செய்தோம் என்று அவர்களுள் நேர்மையானவர்கள் நம்பவும் செய்தார்கள். எபோவும் அவ்வாறு நம்பியிருக்கலாம். இருந்தாலும், அந்த ஆடையை எடுத்துக் கொடுக்கும் கை தம்முடையதாக இருக்க வேண்டாமென்று அவர் விலகியிருக்கலாம். விலகவில்லை. கையோடு ஒரு மடத்தையும் பெற்றுக்கொண்டார்.

834இல் காற்று மாறியது. லூயி மீண்டும் அரியணை ஏறினார். லோத்தாரின் ஆதரவாளர்கள் பலர் அவனோடு இத்தாலிக்குத் தப்பினர். எபோவுக்குக் கீல்வாதம், நெடுந்தொலைவு செல்ல இயலவில்லை. பாரிஸில் ஒரு தவசியின் குடிலில் ஒளிந்திருந்தவரைப் பிடித்து ஃபுல்டா மடத்தில் காவலில் வைத்தார்கள். 835 பிப்ரவரி 28ஆம் நாள் மெட்ஸ் நகரப் பேராலயத்தில், மக்கள் நிறைந்திருக்க, அவரை மேடையேற்றி, பேரரசர் அநியாயமாகவே இறக்கப்பட்டார் என்று தம் வாயாலேயே அறிவிக்கச் செய்தார்கள். அடுத்த சில நாட்களில் தியோன்வில் சங்கத்தில், தாம் அப்பதவிக்குத் தகுதியற்றவர் என்று எழுதிக் கொடுத்துப் பதவி துறந்தார். தண்டனை தண்டனைதான். அதைப் பற்றி நாம் வழக்காட வரவில்லை.

நாம் வழக்காட வந்தது வேறொன்றைப் பற்றி.

எபோ காவலில் இருந்தபோதே, 836, 837 ஆண்டுகளை ஒட்டி, ட்ரியர் நகரத்துத் துணை ஆயரான தேகன் என்பவர் லூயியின் வரலாற்றை எழுதினார். தேகன் உயர்குடிப் பிராங்கியர். எபோவின் செயலைக் கண்டித்து அவர் நிறுத்தியிருந்தால் நமக்குச் சொல்ல ஒன்றுமிராது. அவர் நிறுத்தவில்லை. எபோவின் முன்னோர் ஆடு மேய்த்தவர்களேயன்றி அரசர்க்கு ஆலோசனை கூறியவர்களல்லர் என்று இழித்தார். பேரரசர் எபோவைச் சுதந்தர மனிதனாக ஆக்கினாரே ஒழிய உயர்குடியாளனாக ஆக்கவில்லை, ஆக்கவும் இயலாது என்று வாதிட்டார். அதாவது, விடுதலை ஓலையை எவர் எழுதினாலும் சரி, பிறப்பு பிறப்பே என்றார்.

இன்னொரு பகுதி உண்டு. அதைச் சொல்வதற்காகவே இவ்வளவு தூரம் உங்களை அழைத்து வந்தோம். எபோ ஒருவரோடு தேகன் அமையவில்லை. தாழ்ந்த குடியிலிருந்து ஆயர்களாக உயர்ந்த அனைவரையும் சேர்த்துக் குற்றப்பத்திரிகை எழுதினார். அவர்கள் பதவிக்கு வந்ததும் என்ன செய்கிறார்கள் தெரியுமா? தம் உறவினரை அடிமைத் தளையிலிருந்து விடுவிக்க முயல்கிறார்களாம். அவர்களுள் சிலருக்கு உயர்கல்வி புகட்டுகிறார்களாம். சிலரை உயர்குடிப் பெண்களுக்கு மணம் செய்து வைக்கிறார்களாம். இவையெல்லாம் குற்றங்களாக அங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன.

இதைப் படித்தபோது நாம் நூலை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். உறவினரை மீட்டல், அவர்களைப் படிக்க வைத்தல், மணத்தால் வேலி கடத்தல். இருபத்தைந்து ஆண்டுகளாக மாலை வகுப்பும் மாணவர் விடுதியும் நடத்திவரும் இச்சங்கத்தின் ஆண்டறிக்கையை அந்தத் துணை ஆயர் எழுதியிருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பார்.

இந்தக் குற்றச்சாட்டின் நியாயத்தைச் சற்றே நிறுத்துப் பார்ப்போம். எபோ தம் உறவினர் கவ்ஸ்பெர்ட்டை ஆயராக்கினார், அதுவும் எங்கே? குளிரும் பகையும் நிறைந்த சுவீடனுக்கு. அங்கே அவருடைய துணைவர் ஒருவர் கொல்லப்பட, கவ்ஸ்பெர்ட் துரத்தப்பட்டார். எபோவுக்குப் பின் 845இல் ரெய்ம்ஸ் பேராயரான ஹிங்க்மார் உயர்குடியினர், பேரறிஞர். அவரும் தம் உடன்பிறந்தாள் மகனை, தம் பெயரையே தாங்கியவனை, 858இல் லாவோன் நகரத்து ஆயராக்கினார். பிற்பாடு இருவரும் பகைத்துக்கொண்டது வேறு கதை. ஆனால் மருமகனை உயர்த்தியதற்காக ஹிங்க்மாரின் குடிப்பிறப்பை எவரும் இழுக்கவில்லை.

833ஆம் ஆண்டுச் செயலிலும் அப்படியே. கோர்பி மடத்தின் முன்னாள் தலைவர் வாலா, சார்லமேனுக்குச் சிற்றப்பன் மகன் முறையானவர். அவரும் லோத்தாரின் பக்கம் நின்றவரே. அவர் இத்தாலியில் போபியோ மடத்தில் 836இல் இறந்தார். அவருக்காகக் கண்ணீர் வடித்து, அவர் நோக்கத்தின் தூய்மையைப் பேசி, பஸ்காசியுஸ் என்ற துறவி ஒரு நூலே எழுதினார். லியோன் நகரத்து அகோபார்டு, லூயிக்கு எதிராக எழுதுகோல் ஏந்தியவர். பதவி இழந்தாலும், சில ஆண்டுகளில் லூயியின் ஆட்சியிலேயே தம் இருக்கைக்குத் திரும்பினார். லோத்தாரோ பெற்ற தந்தையை இறக்கியவன். அவனுக்கு இத்தாலி நாடு இருந்தது. ஒரே குற்றத்தில் பலர் பங்காளிகள். அவர்களுடைய பிழை அவரவர் பிழையாக நின்றது. எபோவின் பிழை மட்டும் அவர் பாட்டன் மேய்த்த ஆடுவரை சென்றது.

தேகனின் நூலுக்கு முன்னுரை எழுதியவர் ரெய்கெனாவ் மடத்தின் தலைவர் வலாஃப்ரிட். இனிய கவிஞர், எளிய குடும்பத்திலிருந்து கல்வியால் உயர்ந்தவரென்றே கருதப்படுபவர். தாழ்ந்தோர் செயலால் எழுந்த மனவேதனையை நூலாசிரியர் அடக்க இயலாமல் எழுதிவிட்டார் என்ற அளவில் அவர் சமாதானம் கூறுகிறார். ஒரு வரியையும் நீக்கவில்லை. அவரை நாம் கடிந்து பேச மாட்டோம். மேலே ஏறியவர் ஏணியைப் பற்றிப் பேசாமலிருப்பதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. நம்மிடையே அவற்றை அறியாதார் யார்?

எபோவின் எஞ்சிய கதை நீண்டது, துன்பமானது. ஏறத்தாழ ஆறாண்டுக் காவல். 840இல் லூயி இறந்ததும் லோத்தார் அவரைப் பேராயராக மீட்டான். ரெய்ம்ஸ் மக்களிடையே திரும்பி வந்து சில மாதங்கள் பணியாற்றினார். இளைஞர் சிலரைக் குருக்களாக்கினார். 841இல் இளையவன் சார்லஸின் கை ஓங்கவே மீண்டும் வெளியேறினார். தம் பக்கத்து நியாயத்தைத் தாமே எழுதி வைத்தார். 844இல் திருத்தந்தை இரண்டாம் செர்ஜியுஸ் அவர் வேண்டுகோளை ஏற்க மறுத்தார். லோத்தாரின் நட்பும் நிலைக்கவில்லை. இறுதியில் கிழக்குப் பிராங்கிய அரசர் லூயி அவருக்கு ஹில்டெஸ்ஹைம் என்னும் புதிய, சிறிய மறைமாவட்டத்தை அளித்தார். அங்கே ஆயராக இருந்து 851இல் இறந்தார்.

அவரைப் பற்றி நல்ல சொல் சொன்னவர் ஒருவரும் இல்லையா? இருக்கிறார். அன்ஸ்காரின் வரலாற்றை எழுதிய ரிம்பெர்ட் சொல்கிறார். 845இல் கடற்கொள்ளையர் ஹாம்பர்க் நகரை எரித்து, கோயிலையும் நூல்களையும் சாம்பலாக்கிய பின், அன்ஸ்கார் மனமுடைந்திருந்த காலத்தில், எபோவோடு நிகழ்ந்த ஓர் உரையாடல் அவருக்கு ஆறுதலாக இருந்ததாம். வடநாட்டில் தாங்கள் தொடங்கிய வேலை சில காலம் தடைபட்டாலும் அழிந்துவிடாது என்று எபோ உறுதியாகக் கூறினாராம். பதவியும் பெயரும் போன ஒரு முதியவர், தாம் இருபது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பணியை இன்னொருவர் கையில் கண்டு பேசிய பேச்சு அது. தேகனைப் படிப்பவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அவர் 840, 841இல் குருக்களாக்கிய இளைஞர்களைப் பற்றிச் சொல்லிவிட்டு அமர்கிறோம். இறக்கப்பட்டவர் தந்த குருத்துவம் செல்லாது என்று 853இல் சுவாசோன் சங்கத்தில் ஹிங்க்மார் அவர்களைப் பணியிலிருந்து நீக்கினார். அவர்கள் பேசாமல் போய்விடவில்லை. கற்றவர்களல்லவா? சட்டநூல்களைப் புரட்டினார்கள், விண்ணப்பம் எழுதினார்கள், ரோமாபுரிவரை முறையிட்டார்கள். திருத்தந்தை முதலாம் நிக்கோலாஸ் அவ்வழக்கை மீண்டும் எடுக்கச் செய்தார். 866இல், எபோ இறந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், அதே சுவாசோன் நகரில் ஆயர்கள் மறுபடி கூடி அவர்களுக்கு இரக்கம் காட்ட இசைந்தார்கள். அந்த இளைஞர்களுள் ஒருவரான வுல்ஃபாட் அவ்வாண்டே பூர்ஜ் நகரத்தின் பேராயரானார்.